மருந்துக் குப்பிக்குப் பத்துப் பேர்

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரைச் சுற்றுகிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசலாம், ஆனால் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பென்டிரைவில் இருப்பது தானாகப் பேசிக்கொள்ளும். என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான பிழைப்பு கிடையாது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் மைக்செட் கட்டியிருக்கிறேன். மைக்கில் பேசியது மட்டும் ஒரு தடவைகூட இல்லை. "அலோ, டெஸ்டிங்" என்று சொல்லவும் கூசும். விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவேன்.

கொரோனா காலத்தில் சுகாதார அறிவிப்பு போடும் வேலை வந்தது. உங்கள் தெருவுக்கும் ஓர் ஆட்டோ வந்திருக்கும். நீங்கள் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரம் பார்த்து வந்திருக்கும். திட்டியிருப்பீர்கள். எனக்கு வருத்தமில்லை. நீங்கள் இரண்டு நிமிடம் பட்ட பாட்டை நான் ஒலிபெருக்கி ஹாரனுக்கு அடியிலேயே உட்கார்ந்து நாள் முழுக்கப் பட்டேன். அந்த வகையில் நாமெல்லாம் ஒரே பக்கம்.

கடைசி முகாம் நடந்த சனிக்கிழமை மாலை முதலியார்பேட்டை சமுதாயக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசி போடுகிற மேரி சிஸ்டர். பெயர் பதிகிற பெண். வாட்ச்மேன். ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள்: தட்டாஞ்சாவடி கம்பெனியில் வேலை செய்கிற செல்வி, ரெட்டியார்பாளையத்திலிருந்து வந்த கணவன் மனைவி, கட்டடச் சாரத்திலிருந்து நேராக இறங்கி வந்த கொத்தனார்கள் நாலு பேர், கல்லூரிப் பெண் ஒருத்தி, கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா. ஆக ஒன்பது பேர். வாசலில் ஆட்டோவில் நான். என்னைச் சேர்த்துப் பதின்மூன்று பேர். ஆனால் என்னை ஊசிக் கணக்கில் சேர்க்க முடியாது. எனக்கும் அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் இரண்டு ஊசியும் முன்பே போட்டாயிற்று.

ஒரு குப்பி மருந்து பத்துப் பேருக்கு. திறந்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். கொட்டினால் ஏன் கொட்டினாய் என்று மேலே கேட்பார்கள். அதனால் பத்துப் பேர் சேராமல் சிஸ்டர் குப்பியைத் திறக்க மாட்டார். ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தாலும் யாரும் இல்லாத மாதிரிதான்.

மற்றவர்களுக்கு இது வெறும் காத்திருப்பு. செல்விக்கு அப்படியில்லை. ஊசி போட்டதற்கான செய்தி போனில் இல்லாதவர்களைத் திங்கட்கிழமை முதல் கேட்டுக்குள் விடமாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவள் ஊசிக்குப் பயந்தவள் இல்லை. ஷிப்ட் முடிந்து மூன்றாவது தடவையாக ஓடி வந்திருந்தாள். முதல் தடவை ஆறு பேர்தான் சேர்ந்தார்கள், இரண்டாவது தடவை எட்டு. இரண்டு தடவையும் குப்பி திறக்கவில்லை. இப்போது ஒன்பது. ஐந்து மணிக்கு முகாம் முடிந்துவிடும், மறுநாள் ஞாயிறு.

நாலு மாதம் தொண்டை கிழியக் கத்திய பிறகும் (என் தொண்டை இல்லை, பென்டிரைவின் தொண்டை) இவ்வளவு பெரிய ஊரில் பத்தாவது ஆள் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பீர்கள். அதற்குச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தம்மா யாரு?

அறிவிப்பில் பேசுவது ஒரு பெண் குரல். அலுவலகத்தில் பென்டிரைவைக் கொடுத்தார்கள், செருகினேன், அவ்வளவுதான். "அன்பார்ந்த பொதுமக்களே" என்று தொடங்கினால் மூச்சு விடாமல் ஒன்றரை நிமிடம் பேசும். நல்ல குரல். ஒரு எழுத்துப் பிசகாது. ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் டீக்கடை வைத்திருப்பவர் கோவிந்து. கடையில் ஒரு டிவி, அவர் கையில் இரண்டு போன். டிவி சொல்வதைப் போனில் சரிபார்ப்பார், போன் சொல்வதை இன்னொரு போனில் சரிபார்ப்பார். நான் டீ குடிக்க நிறுத்தினால் ஒலிபெருக்கியை மட்டும் அணைக்கச் சொல்லுவார், அவருடைய செய்திக்கு இடைஞ்சலாம். ஒரு நாள் அணைக்கச் சொல்லாமல் முழுவதையும் கேட்டார். நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் கேட்டார்கள். பலன் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கிளாசைக் கழுவிக்கொண்டே கோவிந்து கேட்டார்: "அண்ணே, இவ்ளோ பேசுதே, அந்தம்மா மொதல்ல ஊசி போட்டுக்கிச்சா? அதைக் கேட்டுக்கினு வந்து சொல்லு, அப்பறம் நாங்க போட்டுக்கிறோம்."

பாதி ஷட்டர்

கடைகளுக்கு நேரம் குறித்திருந்த காலத்தில் அறிவிப்பு அடிக்கடி மாறும். காலையில் ஒரு பென்டிரைவ் கொடுப்பார்கள். நான் பாதித் தெரு சுற்றி வருவதற்குள் போன் வரும், அதை நிறுத்து, புதுசு வந்திருக்கிறது என்று. அதனால் ஒரே நாளில் கிழக்குப் பக்கத் தெருக்களுக்கு ஒரு சட்டமும் மேற்குப் பக்கத் தெருக்களுக்கு வேறொரு சட்டமும் என் ஆட்டோவால் அமலுக்கு வந்தன. தெரு முனையில் இருந்த மளிகைக்காரருக்கு இரண்டும் கேட்டது. அவர் என்னை நிறுத்தி எது சரி என்று கேட்டார். நான் என்ன சொல்ல? பென்டிரைவைக் காட்டினேன்.

கோபப்படாமல் உள்ளே போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். இடுப்புக்கு மேலே மூடியிருந்தது, கீழே திறந்திருந்தது. வாடிக்கையாளர்கள் குனிந்து குனிந்து அரிசி வாங்கினார்கள். மறுபடி அந்தப் பக்கம் போனபோது அவருடைய தலை மட்டும் ஷட்டருக்குக் கீழே தெரிந்தது. "மைக்கு ரெண்டு மணிங்குது, டிவி அஞ்சு மணிங்குது, போனு ஆறு மணிங்குது. எவன் வந்து கேட்டாலும் காட்டறதுக்கு ஒரு பாதி இருக்குது, போய்யா!"

முசே எழுதிக்கொண்ட அனுமதி

எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர் வீட்டை இங்கே அப்படித்தான் சொல்லுவோம். பெரியவர் பெயர் அந்துவான். சின்னவர்களும் பெரியவர்களும் முசே என்பார்கள், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. மகள் பிரான்சில் இருக்கிறாள். வீட்டு மாடியில் உள்ள டிஷ்ஷில் அந்த ஊர்ச் செய்திதான் வரும். அதனால் முதல் ஊரடங்கின்போது நாங்களெல்லாம் இந்தச் சர்க்கார் சட்டத்தில் இருந்தோம், முசே மட்டும் அந்தச் சர்க்கார் சட்டத்தில் இருந்தார். அங்கே வீட்டை விட்டு வெளியே போகிறவர் ஏன் போகிறேன், எத்தனை மணிக்குப் போகிறேன் என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாதாம். முசே தினமும் காலையில் பிரெஞ்சில் ஒரு தாள் எழுதி, மடித்து வைத்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போவார். பேக்கரி ஒரு கிலோமீட்டருக்கு உள்ளேதான் இருக்கிறது என்று என் ஆட்டோ மீட்டரில் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

ஒரு நாள் மூலையில் போலீஸ்காரர் நிறுத்தினார். எங்கே கிளம்பிட்டே பெரியவரே, அனுமதி இருக்கா என்றார். முசே கம்பீரமாகத் தாளை நீட்டினார். போலீஸ்காரர் மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். எழுத்துப் புரியவில்லை, ஆனால் கையெழுத்து பெரிதாக இருந்தது. ஒரு நிமிடம் பயந்துவிட்டார். யார் கொடுத்த அனுமதி என்று மரியாதையாகவே கேட்டார். "நான்தான்" என்றார் முசே. "எனக்கு நானே குடுத்துக்கிட்டேன். அதான் ரூல்."

போலீஸ்காரர் தாளை மடித்து அவர் பையிலேயே வைத்தார். "அவங்கவங்க அனுமதிய அவங்கவங்களே எழுதிக்கிறதா? அப்பறம் அந்த ஊர்ல போலீசுக்கு என்னா பெரியவரே வேலை?"

ஊசி வந்த பிறகும் முசே அசையவில்லை. பிரெஞ்சு டிவியில் சொன்ன ஊசிப் பெயர்களில் இங்கே தயாராகிற ஊசியின் பெயர் இல்லையாம். மகளைப் பார்க்கப் போய் இறங்கினால் அவர்கள் ஏற்க வேண்டுமே என்பது அவருடைய கவலை. நியாயம்தான். ஆனால் ஊர் முகாமுக்கு அதனால் ஓர் ஆள் குறைந்தது.

கரண்டி சோதனை

ஊசி போட்ட கையில் காந்தம் ஏறிவிடுகிறது, காசு ஒட்டுகிறது, கரண்டி ஒட்டுகிறது என்று ஒரு வீடியோ சுற்றியது உங்களுக்கும் வந்திருக்கும். கோவிந்துவுக்கு மூன்று பேரிடமிருந்து வந்தது. மூன்று பேர் அனுப்பினால் அவருக்கு அது கெசட்டில் வந்த மாதிரி. அந்தத் தெருவில் முதலில் ஊசி போட்டுக்கொண்டவன் நான் என்பதால் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துச் சட்டைக் கையை மடித்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் மறுக்கவும் வெட்கமாக இருந்தது.

சித்திரை வெயில். வேர்வையில் இருந்த கையில் டீக்கரண்டி ஒட்டிக்கொண்டது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் ஊசி போடாத கையை நீட்டினேன். அதிலும் ஒட்டியது. எல்லோரும் கோவிந்துவைப் பார்த்தார்கள். அவர் தன் கையில் வைத்துப் பார்த்தார். அடுப்பருகே நிற்கிறவர் அல்லவா, என் கையில் ஒட்டியதைவிட நன்றாக ஒட்டியது. இனி ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்று நான் சட்டைக் கையை இறக்கினேன். கோவிந்து கரண்டியைக் கையிலிருந்து எடுக்காமலே, முகம் வெளிறிப்போய்ச் சொன்னார்: "பாத்தியாண்ணே, ஊசியே போடாத எனக்கே இப்பிடி ஒட்டுது. போட்டா என்னாவும்?"

எங்கள் தெருவில் மட்டும்

எங்கள் வீட்டில் நானும் என் மனைவி அஞ்சலையும்தான். அஞ்சலைக்குச் சர்க்கரை உண்டு. சாப்பிட்ட பிறகு சற்று நேரம் படுப்பாள். அதனால் ஆட்டோ எங்கள் தெருவுக்குள் நுழையும்போது ஒலிபெருக்கியைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். அது ஒரு காரணம். ஊருக்குச் சொல்வதை வீட்டு வாசலில் உரக்கச் சொல்லக் கூச்சமாக இருந்தது இன்னொரு காரணம். குறைத்தாலும் வீட்டுக்குள் கேட்கும் என்பது என் கணக்கு. நாலு மாதமாக, வாரத்துக்கு ஆறு நாள், எங்கள் வாசலைக் கடந்து அந்த அறிவிப்பு போனது. ஊரில் யாருக்குச் சொல்லாமல் விட்டாலும் அஞ்சலைக்குச் சொல்லியாயிற்று என்றுதான் இருந்தேன்.

அவளுக்கும் போன் இருக்கிறது. தங்கை மகள் அனுப்புகிறதெல்லாம் அதில் வரும். சர்க்கரைக்காரர்கள் போட்டுக்கொண்டால் அவ்வளவுதான் என்று ஒருவர் பேசுகிற வீடியோவைத் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். ரசம் கேட்டேன்.

மேரி சிஸ்டர் நல்ல மாதிரி. எல்லாரிடமும் வீட்டு விஷயம் விசாரிப்பார். ஒரு முகாமில் என்னிடம், "வீட்ல அக்கா போட்டுக்கினாங்களா?" என்று கேட்டார். நான் தலையை அசைத்தேன். மறுவாரம் மறுபடி கேட்டார். மறுபடி அசைத்தேன். மூன்றாவது தடவை கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மைக்செட்டய்யா, நீங்க தலையாட்டறது ஆமாவா இல்லையான்னு நானும் மூணு வாரமா பாக்கறேன், புரியவே மாட்டேங்குது."

ஒன்பதோடு நின்றபோது

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மணி நாலு. ஒன்பது பேர் நாற்காலியில். சுற்றியுள்ள தெருக்களுக்குப் பென்டிரைவோடு ஒரு சுற்றுப் போய் வந்தேன். அன்பார்ந்த பொதுமக்கள் ஒருவரும் வரவில்லை. கோவிந்து கடையில் எட்டுப் பேர் உட்கார்ந்து டிவியில் ஊசி பற்றி ஒரு விவாதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்தபிறகு சொல்கிறோம் என்றார்கள்.

கொத்தனார்களில் ஒருவர் கிளம்பிவிடலாமா என்று மற்றவர்களைப் பார்த்தார். செல்வி எழுந்து அவர்கள் நாலு பேருக்கும் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். உபசாரம் இல்லை அது, அவர்களைப் பிடித்துவைக்கிற வழி. பிறகு வாசலுக்கு வந்து ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிஸ்டரிடம் அவள் முன்பே கெஞ்சிப் பார்த்துவிட்டாள். ஒன்பது பேருக்காகத் திறந்தால் ஒன்றைக் கொட்ட வேண்டும், பதில் எழுத வேண்டும், என்னால் முடியாதும்மா என்று சிஸ்டரும் சங்கடத்தோடு சொல்லிவிட்டார்.

செல்வி என்னை அதற்கு முன் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டாள். "பெரிப்பா, அந்தம்மா பேசனா ஒரு ஈ காக்கா வராது. நீங்க பேசுங்க."

பேசாத மைக்

பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மைக்கை எடுத்து முகக்கவசத்துக்கு நேராக வைத்துக்கொண்டு ஆட்டோவைக் கிளப்பினேன். என்ன சொல்ல வேண்டும் என்பது தெளிவாகத்தான் இருந்தது. ஓர் ஆள் குறைகிறது, ஓர் ஆள் வந்தால் போதும், ஒரு பெண்ணின் வேலை தப்பும். எளிய விஷயம். பேச்சைத் தொடங்க மூச்சை இழுத்தேன். சொல் வரவில்லை. மூச்சை விட்டேன். மறுபடி இழுத்தேன். தொண்டை வரைக்கும் "அ" வந்து திரும்பிப் போயிற்று. இப்படியே பக்கத்துத் தெரு, அதற்கு அடுத்தாற்போல் எங்கள் தெரு, முடிந்துவிட்டது. மழைக்காலம் என்பதால் எனக்கு லேசாக இழுப்பு வேறு. கூடத்துக்கே திரும்பி வந்து நின்றேன். ஒன்றும் சொல்லாததால் மைக் சுவிட்சையும் போடவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சுவிட்ச் போட்டபடியே இருந்திருக்கிறது. எங்கள் தெருவில் வழக்கமாகக் குறைக்கிற சத்தத்தை அன்றைக்குக் குறைக்கவும் இல்லை. ஹாரன் இரண்டும் முன்னும் பின்னும் பார்த்திருக்கும். அடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எஞ்சின் சத்தம்தான் கேட்கும், என் காதும் இத்தனை வருட ஹாரனில் பாதிதான். இரண்டு தெருவுக்கும் ஒலிபெருக்கியில் பெரிய பெரிய மூச்சாகக் கேட்டிருக்கிறது. இழுப்பதும், நிற்பதும், விடுவதும். அந்த வருடத்தில் மூச்சுத் திணறும் சத்தம் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

முதலில் ஓடி வந்தவர் கோவிந்து. கையில் ஒரு டம்ளர் வெந்நீர். விவாதம் பாதியில் நிற்கிறது, அதை விட்டுவிட்டு வந்திருக்கிறார். பின்னால் முசே. கவசத்துக்கு மேல் கவசம் போட்டுக்கொண்டு, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவியை எடுத்துக்கொண்டு, ஒரு கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்காமல். இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஆட்டோவுக்குள் தலையை நீட்டினார்கள். முசே என் விரலைப் பிடித்து மாட்டினார். எண் ஓடி நின்றது. "தொண்ணூத்தேழு" என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்ல வந்தேன். அப்போதும் மூச்சுத்தான் வந்தது, அதுவும் ஒலிபெருக்கியில். கோவிந்து திடுக்கிட்டு வெந்நீரைத் தன் கால்மேலேயே கொட்டிக்கொண்டு கத்தினார்: "யோவ் முசே, உன் மிசினு பொய் சொல்லுது, தூக்கு அண்ணன!"

வீட்டிலிருந்து வந்த கேள்வி

அஞ்சலை வந்தபோது காலில் செருப்பு இல்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள். யார் மூச்சு என்று தெருவில் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது கோபம். என்ன கூத்து இது என்றாள்.

 வாசற்படியில் நின்ற சிஸ்டர்தான் சொன்னார். ஒன்பது பேர் இருக்கிறார்கள் அக்கா, இன்னும் ஒருவர் இருந்தால் குப்பியைத் திறக்கலாம், இந்தப் பொண்ணுக்குத் திங்கட்கிழமை வேலை போய்விடும், அதற்காக ஐயா மைக்கில் பேசப் போனார். அஞ்சலை செல்வியைப் பார்த்தாள். செல்வி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சர்க்கரைக்காரர்கள் போடலாமா என்று அஞ்சலை சிஸ்டரிடம் கேட்டாள். அவங்கதான் முதலில் போட வேண்டும் என்றார் சிஸ்டர். அஞ்சலை அதைக் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நாலு மாதமாக அறிவிப்பைப் போட்டேனே, வாசலிலேயே போட்டேனே என்று நான் ஆட்டோ மேலிருந்த ஒலிபெருக்கியைக் கையால் காட்டினேன்.

"அது ஊரைக் கூப்புட்டுது. நீ என்னை ஒரு நாளாவது வான்னியா?"

நியாயமான கேள்வி. எனக்கு முன்னால் சிஸ்டர், செல்வி, கோவிந்து, முசே, கொத்தனார்கள் எல்லாரும் நிற்கிறார்கள். கையில் மைக். கூச்சத்தில் காது சுட்டது. "வா" என்றேன்.

சுவிட்சை அப்போதும் யாரும் அணைத்திருக்கவில்லை. அந்த "வா" இரண்டு தெருவுக்கும் கேட்டிருக்கிறது. என் தொழிலில் நான் என் குரலில் செய்த ஒரே அறிவிப்பு அது. அஞ்சலை தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு படியேறினாள். பெயர் பதிகிற பெண்ணிடம் உரக்கச் சொன்னது எனக்கு வாசல்வரை கேட்டது: "பத்தாவது ஆளு அஞ்சலைன்னு எழுதிக்கம்மா. மைக்குல கூப்புட்டாங்க, வந்தேன்."

குப்பி திறந்த பிறகு

நாலே முக்காலுக்குக் குப்பி திறந்தது. செல்விக்குத்தான் முதலில் போட்டார்கள், மற்ற ஒன்பது பேரும் அதை விட்டுக்கொடுத்தார்கள். அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்று அவளுக்குச் சொன்னார்கள். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்தி வந்த சத்தம் கேட்டதும் எடுத்துப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த பூக்கார அம்மாவிடம் காட்டினாள், அவருக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும். எழுந்துபோகிறபோது ஆட்டோவைக் கடந்து நின்று, "பெரிப்பா, திங்கக்கெழமை ரெண்டு மணி ஷிப்ட்டு எனக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சில குப்பியில் கவனமாக இழுத்தால் பத்துக்கு மேல் இன்னொருவருக்கும் மருந்து இருக்கும். அன்றைக்கு இருந்தது. சிஸ்டர் வாசலில் வந்து, ஒன்று மிச்சம், வீணாகப் போகிறது என்றார். முசே சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். பிரெஞ்சு டிவியில் இந்த ஊசியின் பெயரையும் சேர்த்துவிட்டார்களாம். எப்போது என்று கேட்டேன், கொஞ்ச நாளாயிற்று என்றார். அப்படியானால் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை, வீட்டில் கேட்ட கேள்வியே எனக்குப் போதுமாயிருந்தது.

இதையெல்லாம் கோவிந்து வெந்நீர் பட்ட காலை உதறிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். முசே பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்ததும், அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்த டீக்கரண்டியை வைத்துப் பார்த்தார். முசே வயதானவர், வேர்வை இல்லை, கரண்டி கீழே விழுந்தது. கோவிந்து குனிந்து அதை எடுத்தார். நிமிர்ந்தபோது ஆள் மாறியிருந்தார். நேராகப் படியேறிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். சிஸ்டர் காலிக் குப்பியைக் காட்டினார். தீர்ந்தது, அடுத்ததைத் திறக்கப் பத்துப் பேர் வேண்டும் என்றார்.

நாலு மாதம் யார் கூப்பிட்டும் வராதவருக்கு, இல்லை என்றதும் கண் சிவந்துவிட்டது. தெருவில் எல்லாருக்கும் போட்டுவிட்டுத் தனக்கு மட்டும் இல்லையென்றால் என்ன நியாயம், இதைச் சும்மா விடமாட்டேன், குரூப்பில் போடுகிறேன் என்றார். பிறகு விடுவிடுவென்று இறங்கி வந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். எனக்கு நாலு மாதமாக வராதது அவருக்கு ஒரு நொடியில் வந்தது: "டேய், கடையில உக்காந்துக்கினு இருக்கறவனுங்கள்லாம் டிவிய அணைச்சிட்டு வாங்கடா, ஒம்போது பேரு வேணும்!"

ஆக ஒரு குப்பியில் பதினொரு பேருக்குப் போட்டு முடித்து, மணி ஐந்தரையாகிக் கூடத்தின் கதவைச் சாத்தியபோது எங்கள் அறிவிப்பில் முழு நம்பிக்கை வந்து ஊசிக்காக வாசலில் மீதி நின்றவர்கள், சரியாக எண்ணிச் சொன்னால், கோவிந்து ஒருவர்.